ஆர்.பி., தண்டையார்பேட்டை

2009 பிப்ரவரி 9, திங்கள்

இன்றைக்கும் டிரெய்லர் வண்டிகள் ரோட்டோரம் வரிசை கட்டி நிற்கின்றன. ஹார்பருக்குள் எப்போது விடுவார்கள் என்று டிரைவர்களுக்கே தெரியாது. வண்டி நின்றால் எங்கள் பிரவுசிங் சென்டருக்குக் கூட்டம். பாதிப் பேருக்கு இன்டர்நெட் பார்க்கத் தெரியாது. செல்போனிலிருந்து மெமரி கார்டைக் கழற்றிக் கொடுத்துப் பாட்டு ஏற்றிக்கொண்டு போவார்கள்.

நான் உள்ளே, பிளைவுட் தட்டிக்குப் பின்னால். வெளியே கவுண்டரில் பகலவன். தட்டி அடித்த அன்றைக்கே முதலாளி மதார் சாகிப் சொல்லிவிட்டார்: "லாரிக்காரங்க வர்ற இடம்மா. நீ உள்ள உக்காந்துக்க." மரியாதையாகத்தான் சொன்னார். அந்த மரியாதையால்தான் இந்தக் கடையில் நான் இருப்பதே ஒருத்தருக்கும் தெரியாது.

மத்தியானம் ஸ்டானிஸ்லாஸ் வந்தார். எர்ணாவூர்க்காரர், டிரெய்லர் ஓட்டுபவர், வாடிக்கை. தட்டிக்கு அந்தப் பக்கம் அவர் குரல் நன்றாகக் கேட்டது.

"மாமு, தூத்துக்குடில ஒருத்தன் இன்னா சொல்றான் தெரியுமா? கார்டு ஏத்துனா பகல் பாட்டுதான் ஏத்தணுமாம். ஒரு பேரு தப்பு கிடையாது, பழசு தனியா, புச்சு தனியா, சோகம் தனியா, அம்சமா வெச்சிகீறன்றான்."

"எல்லாம் நம்ம வேலதான்ணே" என்றான் பகலவன்.

நம்ம வேலை. பெயர் திருத்துவது நான். பழசு தனி, புதுசு தனி என்று பிரித்து வைப்பது நான். நெட்டிலிருந்து இறங்குகிற பாட்டில் பாதிக்குப் பாடினவர் பெயர் தப்பாக இருக்கும், இல்லையென்றால் ஏதோ ஒரு வெப்சைட் பெயர் இருக்கும். ஒவ்வொன்றையும் போட்டுக் கேட்டு, யார் பாடினது, எந்த வருடம் என்று கண்டுபிடித்து அடிப்பது நான். அவன் செய்வது என்ன? கடைசியில் திரையில் வரும் ஒரு பெட்டியில் தன் பெயரைச் சுருக்கி "பகல், தண்டையார்பேட்டை" என்று போடுவது. பாட்டு ஓடும்போது போன் திரையில் அது வரும். அவ்வளவுதான், ஊருக்கே பகல் பாட்டு.


பிப்ரவரி 10, செவ்வாய்

பொறாமை ஒன்றும் இல்லை. தலைவலி.


பிப்ரவரி 14, சனி

சரி, பொறாமைதான். யார் படிக்கப் போகிறார்கள், எழுதினால் என்ன.

பகலவன் இல்லாத நேரம் அவன் பாட்டு ஏற்றுகிற வெப்சைட்டைப் பார்த்தேன். பாட்டுகளை மொத்தமாகக் கட்டி அதில் ஏற்றி வைத்துவிடுவான். எந்த ஊரில் இருப்பவரும் சும்மா இறக்கிக்கொள்ளலாம். இறக்கியவர்கள் கீழே நன்றி எழுதிவிட்டுப் போக வேண்டும், அங்கே அது ஒரு வழக்கம். பக்கம் பக்கமாக இருக்கிறது. தோஹாவில் இருந்து ஒருவர், "பகல் தம்பி, வெள்ளிக்கிழமை ரூமில் எல்லோரும் உங்கள் பாட்டுதான் கேட்கிறோம்" என்கிறார். மலேசியாவிலிருந்து ஒரு அம்மா, பாட்டுக்குப் பக்கத்தில் வருடம் போட்டிருப்பது எவ்வளவு உதவி, உங்களுக்கு எத்தனை பொறுமை என்று எழுதியிருக்கிறார்.

அந்த வருடம் நான் போட்டது. அந்தப் பொறுமை என்னுடையது.

அதற்குக் கீழே அவன் பதில்: "நன்றி அம்மா." வெட்கமே இல்லையா இவனுக்கு?

நியாயமாகவும் எழுத வேண்டும். பாட்டைத் தேடி எடுப்பது அவன்தான். யாரிடமும் கிடைக்காததை எங்கிருந்தோ பிடித்துக்கொண்டு வருவான். ஆனால் குப்பையாக வரும். கொண்டுவந்து என் தலையில் கொட்டுவான்.


பிப்ரவரி 22, ஞாயிறு

அக்கா மகிழினி பிள்ளையோடு வந்திருந்தாள். புதுப் போன் வாங்கியிருக்கிறாள். பாட்டு போட்டாள். பார்த்தால் பகல், தண்டையார்பேட்டை. அவள் வீட்டுக்காரர் ஆபீசில் யாரோ கொடுத்தார்களாம். என் சொந்த அக்கா போனில், என் வீட்டு ஹாலில், அவன் பேர்.

"இதெல்லாம் நான் பண்ணது" என்றேன்.

"உன் பேரக் காணோமே" என்றாள் திருப்பித் திருப்பிப் பார்த்து.

எரிந்தது. பகலவன் இப்படி, பகலவன் அப்படி என்று கொட்டித் தீர்த்துவிட்டேன். அம்மா மீன் ஆய்ந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தது. கடைசியில் அக்காவிடம், "இன்னாடி இது, காலைலேர்ந்து அந்தப் பையன் பேரத்தான் சொல்லிக்கினு கீறா. வூட்டுல பேசிடலாமா?" என்றது.

இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் சாப்பிடவில்லை. அம்மாவுக்கு எப்படிப் புரியவைப்பது? அவனைப் பிடித்திருந்தால் எவ்வளவு சுலபம். எனக்கு அவன் வேண்டாம். அவனுக்குக் கிடைக்கிறதே, அதுதான் வேண்டும்.


மார்ச் 3, செவ்வாய்

இன்றைக்குக் கேட்டே விட்டேன். டீ குடிக்கிற நேரத்தில் தட்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே போய் நின்று, "எல்லாப் பாட்டுலயும் உன் பேரு மட்டும் ஏன்?" என்றேன்.

"உன் பேரும் போட்டுக்கோயேன், யாரு வாணாம்னாங்க?" என்றான். பிஸ்கட்டை டீயில் முக்கிக்கொண்டே. சண்டைக்குத் தயாராகப் போனவளுக்கு அது போதவில்லை.

மதார் சாகிப்தான் தடுத்தார். "பொம்பளப் புள்ள பேரு கண்டவன் செல்போன்ல சுத்தலாமாம்மா? ரமாபாய், தண்டையார்பேட்டைனு போட்டா நாளைக்கு நாலு பேரு கடை வாசல்ல வந்து நிப்பான். உங்கப்பா என்னத்தான் கேப்பாரு."

அதுவும் உண்மை. அப்பா ஆசையாக வைத்த பெயர். அதை லாரிக்காரன் சட்டைப் பையில் சுற்ற விடுவாரா? உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டேன்.


மார்ச் 6, வெள்ளி

பேப்பரில் பெரிதாக வந்திருக்கிறது. இன்டர்நெட்டில் பாட்டு, படம் ஏற்றுகிறவர்களைப் பிடிக்கத் தனியாகப் போலீஸ் டீம் போட்டிருக்கிறார்களாம். இரண்டு மூன்று பிரவுசிங் சென்டரில் கம்ப்யூட்டரோடு அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். திருட்டு விசிடிக்குக் குண்டர் சட்டம் பாய்கிற மாதிரி இதற்கும் பாயுமா என்று கடையில் ஒரே பேச்சு. மதார் சாகிப் நெஞ்சைத் தடவிக்கொண்டே, "பழைய பாட்டு மட்டும் ஏத்துங்கப்பா, புதுசு வேணாம்" என்றார். பழையதற்குச் சட்டம் கிடையாதா என்று யாரும் கேட்கவில்லை.

சாயங்காலம் பகலவன் முகம் தொங்கிப் போயிருந்தது. என்னவென்று பார்த்தால் அவன் ஏற்றி வைத்த எல்லாவற்றையும் வெப்சைட்காரர்களே அழித்துவிட்டார்கள். எதைத் தட்டினாலும் "நீக்கப்பட்டது". அவன் கணக்கே இல்லை. அத்தனை நன்றியும் போய்விட்டது.

"எல்லாம் பூட்ச்சி" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எழுதிவிட்டேன். இனி இது இந்த நோட்டில் இருக்கும். நான் நல்லவள் என்று நானே நினைத்துக்கொள்ள முடியாது.


மார்ச் 8, ஞாயிறு

அரை நாள் கடை. அவன் வரவில்லை, யாரோ செத்துப்போனார்களாம். நான் மட்டும்.

பாட்டு எல்லாம் நம் கம்ப்யூட்டரில்தானே இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரேயடியாகத் தேர்ந்தெடுத்து, அந்தப் பெட்டியில் பகலை அழித்துவிட்டு "ஆர்.பி., தண்டையார்பேட்டை" என்று அடித்தேன். முழுப் பெயர் இல்லை, இரண்டே எழுத்து. அப்பா கோபித்துக்கொள்ள முடியாது, மதார் சாகிப்பும் சொல்ல முடியாது. கம்ப்யூட்டர் ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனது. கன்னத்தில் கை வைத்துக்கொண்டு பார்த்தபடி இருந்தேன். இவ்வளவு நிம்மதியாக எப்போது உட்கார்ந்திருந்தேன் என்று ஞாபகம் இல்லை.

பிறகு ஆர்.பி. என்று புதுக் கணக்கு தொடங்கி, அழிந்து போனதை எல்லாம் மறுபடி ஏற்ற ஆரம்பித்தேன். போலீஸ் பயம் இல்லையா என்றால் இருந்தது. ஆனால் அவன் மறுபடி அவன் பெயரில் ஏற்றிவிடுவானே என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.


மார்ச் 17, செவ்வாய்

மலேசியா அம்மா வந்துவிட்டார். "ஆர்.பி., நீங்கள் யாரோ தெரியாது, தொலைந்து போனது எல்லாம் திரும்பக் கிடைத்தது. கோடி நன்றி."

அதையே திரும்பத் திரும்பப் படித்தேன். பஸ்ஸில் வரும்போது சிரித்துவிட்டேன் போலிருக்கிறது, பக்கத்தில் இருந்தவர் தள்ளி உட்கார்ந்தார்.


மார்ச் 19, வியாழன்

அவனுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு டிரைவருக்குக் கார்டு ஏற்றிக் கொடுத்து, ஓடுகிறதா என்று போட்டுப் பார்த்திருக்கிறான். தட்டிக்குப் பின்னால் நான் கேட்டுக்கொண்டு இருந்தேன். கத்துவான் என்று நினைத்தேன். கத்தினால் பதில் எல்லாம் தயாராக வைத்திருந்தேன். வருடம் போட்டது யார், பெயர் திருத்தியது யார், எல்லாம்.

கத்தவில்லை. உள்ளே வந்தான், என்னைப் பார்த்தான், தண்ணீர் குடித்துவிட்டு வெளியே போய்விட்டான்.

மாற்றி அடிக்க அவனுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஏன் மாற்றவில்லை?


மார்ச் 27, வெள்ளி

இன்னும் பேசவில்லை. வேண்டியதை மதார் சாகிப் மூலமாகச் சொல்லி அனுப்புகிறான். "அந்தப் பொண்ண இந்த ஃபோல்டர பாக்கச் சொல்லுங்க பாய்." கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கிறேன் நான். அந்தப் பொண்ணாம்.


ஏப்ரல் 2, வியாழன்

இது எனக்குத் தேவைதான்.

ஸ்டானிஸ்லாஸ் வந்தார். "யாரு மாமு இந்த ஆர்.பி.? திருவொற்றியூர் ஸ்டாண்டுல எல்லாரும் கேக்கறாங்க. பெரிய கையா?"

பகலவன் சொல்லப் போகிறான் என்று எழுந்து நின்றேன். தட்டிக்கு மேலே தலை தெரியட்டும் என்று கொஞ்சம் எம்பிக்கூட நின்றேன், அசிங்கம். அவன் சொன்னான்: "நம்ம ஆளுதான்ணே. வெளிய வரமாட்டாரு."

வரமாட்டா*ரு*.

"அப்பிடியா? கொம்பன்தான் போல. அவுராண்ட சொல்லு, அந்தச் சோகப் பாட்டு வரிசைய கேட்டுக்கினே நான் கும்மிடிப்பூண்டி தாண்டிட்டேன்னு."

ஆக, புகழ் வந்துவிட்டது. மீசையோடு வந்திருக்கிறது. நான் இந்தப் பக்கம் உட்கார்ந்து என்னுடைய புகழைக் கேட்டு, அந்த ஆர்.பி. மேலேயே பொறாமைப்பட்டுக்கொண்டிருக்கிறேன். இதைவிடக் கேவலம் உண்டா?


ஏப்ரல் 14, செவ்வாய்

அண்ணல் பிறந்த நாள். புளியந்தோப்பு முழுக்க நீலக் கொடி. எங்கள் ஹவுசிங் போர்டு வாசலில் ஸ்பீக்கர் கட்டி மதியம் வரை பாட்டு. பாட்டு போட்ட பையன்கள் கார்டை எங்கே ஏற்றினார்கள் என்று நான் கேட்கவே இல்லை, வரிசையைக் கேட்டாலே தெரிகிறது. எந்தப் பாட்டுக்குப் பின்னால் எது வர வேண்டும் என்று நான் வைத்த வரிசை.

அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சிலைக்கு மாலை போடப் போனார். போகும்போது, "உன் பேர ஏன் வெச்சேன் தெரியுமாம்மா" என்று வருடா வருடம் சொல்வதைச் சொன்னார். கேட்டுக்கொண்டேன். அண்ணலின் மனைவி பெயர். அதை இரண்டு எழுத்தாக வெட்டியது நான்தான் என்று சொல்லவில்லை.


ஏப்ரல் 20, திங்கள்

பெரிய படம் ஒன்றின் பாட்டு வெள்ளிக்கிழமைதான் கடைக்கு வர வேண்டும். இன்றைக்கே நெட்டில் ஒரு மூலையில் கிடைத்தது. யாரோ ஒரு ஆள் ஏற்றியிருக்கிறான், அவன் பெயரை உள்ளே போட்டு. பகலவன்கூட இதைப் பிடிக்கவில்லை. நான் பிடித்தேன். முதல் தடவையாக நான்.

எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன். அந்த ஆள் பெயரை அழித்து ஆர்.பி. போட்டேன். பாட்டு நான் போட்டதும் இல்லை, அவன் போட்டதும் இல்லை, கடைசியாக யார் பெயர் இருக்கிறதோ அவர்களுடையது. அதுதான் இங்கே பழக்கம். ஏற்றிவிட்டு டீ குடிக்கப் போய் வருவதற்குள் நன்றி குவிந்துவிட்டது.

பகலவன் இன்றைக்குப் பேசினான். மார்ச்சுக்குப் பிறகு முதல் தடவை. தட்டி மேல் கை வைத்து, "புச்ச எடுத்துடு. பேஜாரு ஆய்டும்" என்றான்.

"உனக்குக் கிடைக்கலன்னு சொல்றியா?" என்றேன்.

கையை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.


ஏப்ரல் 24, வெள்ளி

எழுத முடிகிறதா பார்க்கிறேன்.

நேற்று மதியம் சாப்பாட்டு நேரம். மதார் சாகிப் தொழுகைக்குப் போயிருந்தார். வெளியே இரண்டு பேர் வந்து கார்டு கொடுத்திருக்கிறார்கள். டிரைவர்கள் என்றுதான் நினைத்தேன். ஒருத்தர் கேட்டார், "ஆர்.பி. பாட்டு கீதா?"

"அதாண்ணே கீது, வேற இன்னா கீது இங்க" என்றான் பகலவன்.

அவ்வளவுதான். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டார்கள். போலீஸ். இன்னும் நான்கைந்து பேர் ஜீப்பிலிருந்து இறங்கினார்கள். எங்கே தேடினாலும் கடைசியில் ஆர்.பி., தண்டையார்பேட்டை என்றுதான் வருகிறதாம். ரோட்டில் எந்த டிரைவரைக் கேட்டாலும் கடையைக் காட்டுவானே, கண்டுபிடிக்கவா கஷ்டம்?

"யார்றா ஆர்.பி.?" என்றார் அதிகாரி.

உண்மையை எழுதுகிறேன். நாற்காலியோடு ஒட்டிக்கொண்டேன். அப்பா முகம், அம்மா முகம், பேப்பரில் போட்டோ எல்லாம் வந்தது. சொல்லாதே பகலவா, சொல்லாதே என்று மனசுக்குள் கும்பிட்டேன். தட்டிக்கு இந்தப் பக்கம் கையைக் காட்டினால் முடிந்தது.

அவன் சொன்னான், "நான்தான் சார்."

கொஞ்சம் நிறுத்தி, "எல்லாம் நான் பண்ணதுதான் சார். பேரு போட்டது, வருசம் போட்டது, எல்லாம்" என்றான்.

அப்போது என்ன ஆச்சுன்னே தெரியல. பயம் எங்க போச்சோ போச்சு. வருசம் போட்டது நீயாடா? அது ஒண்ணுதான் மண்டைல. எழுந்து வெளியே போய்ட்டேன்.

"சார், ஆர்.பி. நான். ரமாபாய். அது என் வேலை."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். என் துப்பட்டாவைப் பார்த்தார்கள், டிபன் பாக்ஸைப் பார்த்தார்கள். ஒருத்தர் சிரித்தார். அதிகாரி சிரிக்கவில்லை, அலுத்துக்கொண்டார். "இன்னாம்மா, இவன் உனக்கு அண்ணனா, வேற எதனா கணக்கா?"

"நிஜமாத்தான் சார். கம்ப்யூட்டர்ல காட்றேன்."

பகலவன் என்னைப் பார்க்கவே இல்லை. அவரிடம் சொன்னான்: "அது பில்லு டைப் பண்ற பொண்ணு சார். அதுக்கு ஒண்ணும் தெரியாது."

அதுக்கு ஒண்ணும் தெரியாது. என்னைப் பற்றி, என் கண் முன்னால்.

"வூட்டுக்குப் போம்மா" என்றார் அதிகாரி. கம்ப்யூட்டரை எல்லாம் வயரோடு பிடுங்கி ஜீப்பில் ஏற்றினார்கள். என்னுடையதையும். அவன் ஏறும்போது தெருவே வேடிக்கை பார்த்தது. நான் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை.


ஏப்ரல் 25, சனி

பேப்பரில் வந்துவிட்டது. போட்டோவோடு. தாடியோடு நிற்கிறான்.

"புதுப்படப் பாடல்களை இணையதளத்தில் வெளியிட்ட பகலவன் என்கிற ஆர்.பி. (25) கைது செய்யப்பட்டார்."

என்கிற.

அம்மா பேப்பரை வாங்கிப் பார்த்து, "நல்ல காலம், உன்னைச் சொல்லாம வுட்டான், மவராசன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டது. அக்கா போன் பண்ணி, "அவருக்கு ஆர்.பி.ன்னு வேற பேரு இருக்காடி? சொல்லவே இல்ல" என்றாள்.




ஏப்ரல் 28, செவ்வாய்

சோறு இறங்கவில்லை. அவன் புழல் ஜெயிலில் என்ன சாப்பிடுவான் என்று நினைத்தால் அழுகை வருகிறது. அந்த "என்கிற"வை நினைத்தால் ஆத்திரம் வருகிறது. இரண்டும் ஒரே வாய் சோற்றில் வருகின்றன.


மே 11, திங்கள்

மதார் சாகிப் முன்ஜாமீன் வாங்கிவிட்டார். கடையில் இனி ஜெராக்ஸும் ரீசார்ஜும் மட்டும். தட்டியை எடுத்துவிட்டார்கள். இப்போது நான் கவுண்டரில் உட்காருகிறேன், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி. வருகிறவர்கள் எல்லோரும் அவனை விசாரிக்கிறார்கள்.

பகலவன் கேஸைப் பார்க்கிற வக்கீலிடம் போய் உண்மையைச் சொன்னேன். கேட்டார், மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். "ஆர்.பி. யாருன்னு போலீஸ்ல எழுதி முடிச்சிட்டாங்கம்மா. அவனும் கையெழுத்துப் போட்டுட்டான். நீ இப்போ போய்ச் சொன்னா ரெண்டு பேரும் உள்ள இருப்பீங்க. பேசாம இரு" என்றார்.

பகலவனின் அம்மா சொக்கம்மாள் வெளியே பெஞ்சில் இருந்தார். மனுப் போட்டு மகனைப் பார்த்துவிட்டு வருகிறாராம். "உள்ள எல்லாரும் மரியாதையா கீறாங்களாம் கண்ணு. ஆர்.பி.ன்னாவே தெரியுதாம். வார்டருங்களே பாட்டு கேக்கறாங்களாம்" என்றார், அழுதுகொண்டும் பெருமைப்பட்டுக்கொண்டும்.

ஜெயிலிலும் கிடைக்கிறதா அவனுக்கு? இந்த வரியை எழுதியதற்கு என்னை நானே அறைந்துகொள்ளலாம். ஆனால் நினைத்தேனே.


மே 22, வெள்ளி

ஜாமீனில் வந்துவிட்டான். கடைக்கு வந்தான். மெலிந்திருந்தான். கையெல்லாம் கொசுக்கடித் தழும்பு. ரோட்டைத் தாண்டி வருவதற்குள், "ஆர்.பி. அண்ணே, வந்துட்டியா" என்று இரண்டு பேர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். மறுக்கவில்லை அவன்.

ஜெராக்ஸ் மிஷின் பக்கத்தில் நின்றான். நன்றி சொல்ல வேண்டும், காலில் விழக்கூட வேண்டும் என்று எத்தனையோ ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். வாயில் வந்தது வேறு.

"வருசம் போட்டதும் நீன்னு ஏன் சொன்ன?"

சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"நான்தான்னு சொன்னதோட நிறுத்தியிருந்தா என்னக் காப்பாத்துனதோட போயிருக்கும்" என்றேன். "ஏன் அதையும் சொன்ன? எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு ஏன் சொன்ன?"

கீழே பார்த்துக்கொண்டு சொன்னான்: "நீ பேர மாத்துனியே, அன்னிலேர்ந்து வயிறு எரிஞ்சிக்கினு கீது எனக்கு. மாத்திடலாம்னு தெனம் உக்காருவேன். உன் வேலையும்தான கீதுன்னு வுட்டுடுவேன். ஸ்டானிஸ்லாஸண்ணன் வந்து ஆர்.பி., ஆர்.பி.ன்னு சொல்வாரு, தூக்கம் வராது. அந்தப் போலீசு வந்து யார்றான்னு கேட்டான் பாரு... உன்னக் காட்டிக் குடுக்க மனசு வரல, அது நெசம். ஆனா அது மட்டும் இல்ல. உன்னக் காட்டியிருந்தா நான் யாரு? கவுண்டர்ல கார்டு ஏத்துறவன். அவ்ளோதான?"

ஜெராக்ஸ் பேப்பரைத் தட்டி அடுக்கினேன்.

"புழல்ல போயும் எரிஞ்சுதா?" என்று கேட்டேன்.

"அங்க ஆர்.பி.ன்னு கூப்டாங்க. அப்போ இன்னும் எரிஞ்சுது" என்றான். "யாரு பேருக்கோ சலாம் வெக்கிறான்."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மதார் சாகிப் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார்.

இத்தனை நாளும் எனக்கு மட்டும்தான் எரிகிறது என்று நினைத்திருந்தேன். வீட்டுக்கு வந்து இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன். அம்மா என்னென்னவோ கணக்குப் போட்டுக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. போடட்டும்.


ஜூன் 17, புதன்

வாய்தா. சொக்கம்மாள் துணைக்குக் கூப்பிட்டார் என்று மதார் சாகிப்பிடம் லீவு சொல்லிவிட்டு ஜார்ஜ் டவுன் கோர்ட்டுக்குப் போனேன். கூப்பிட்டார் என்பது பொய், நானாகத்தான் போனேன்.

வெயில், கூட்டம், மின்விசிறி ஓடவில்லை. பகலவன் இஸ்திரி போட்ட சட்டையில் சுவர் ஓரமாக நின்றான். எங்கள் பக்கம் பார்த்துத் தலையை ஆட்டினான். எந்தெந்த வழக்கோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சொக்கம்மாள் என் கையைப் பிடித்தபடியே தூங்கி விழுந்துகொண்டிருந்தார்.

கோர்ட் ஆள் வாசலுக்கு வந்து உரக்கக் கூப்பிட்டார். "பகலவன் என்கிற ஆர்.பி."

நானும் எழுந்து நின்றுவிட்டேன். நிற்க வேண்டும் என்று நினைக்கவே இல்லை. கால் தானாக எழுந்தது.

அவன் கூண்டுக்குப் போகும்போது திரும்பிப் பார்த்தான். நான் நிற்பதைப் பார்த்தான். சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை. கோர்ட் ஆள் என்னைப் பார்த்து, "உன்னக் கூப்டலம்மா, உக்காரு" என்றார்.

அவன் கூண்டில் ஏறி நிற்கிற வரைக்கும் நான் உட்காரவில்லை.